ஒரு ஹாபியை விட்டு அடுத்ததற்குப் போவது எப்படி? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஓரிரு வருடம் ஆன நம் ஊர்ப் பிள்ளைகளின் அறைக்குள் போனால், அலமாரி மேல் உறைபோட்ட கிட்டார் இருக்கும், பால்கனியில் காற்றிறங்கிய சைக்கிள் நிற்கும், மேசைக்கடியில் காலி மீன் தொட்டி கிடக்கும். அறைக்காரர் போனில் டெலஸ்கோப் விலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்வம் மாறுவது இயல்பு. சென்னையிலோ மதுரையிலோ இருந்தபோது கண்ணில் படாத பல விஷயங்கள் இந்த ஊரில் பார்க்கக் கிடைக்கின்றன, கையில் சம்பளமும் இருக்கிறது. ஆனால் பழையதைப் பாதியில் போட்டுவிட்டு, புதியதைக் கடையில் போய்த் தொடங்குகிறோம். அங்கேதான் பணமும் போகிறது, உற்சாகமும் போகிறது.

பழையதை ஒழுங்காக முடித்து ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, புதியதை அதைச் செய்துகொண்டிருக்கும் மனிதர்களிடம் போய்த் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைக்குக் கடைசியில் போனால் போதும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: அலுப்பா, முடிந்தே விட்டதா?

எந்த ஹாபியிலும் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்போம். கிட்டாரில் அது எஃப் கார்டு. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்த வேண்டும். இரண்டு கம்பி ஒலிக்கும், மற்றவை டப் டப் என்று அடங்கிப்போகும், மணிக்கட்டு வலிக்கும். அதுவரை சி, ஜி, டி என்று சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் கிட்டாரை உறையில் போட்டுவிடுகிறார்கள். செஸ்ஸில் ரேட்டிங் மாதக்கணக்கில் ஏறாமல் நிற்கும். ஓடுகிறவர்களுக்கு முழங்கால் வலி வந்து நிறுத்தும். இப்படி முட்டி நிற்கும்போது ஆர்வமே போய்விட்டது என்றுதான் தோன்றும்.

அதனால் இரண்டு வாரம் தொடாமல் இருந்து பாருங்கள். அந்த நாட்களில் எங்காவது யாராவது வாசிப்பதைக் கேட்டதும் இடதுகை விரல்கள் தாமாக மடங்கினால், உங்கள் கிட்டார் இன்னும் முடியவில்லை. ஓர் ஆசிரியரிடம் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி, முட்டி நிற்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் காட்டுங்கள். எஃப் கார்டு என்றால், விரலின் சதைப்பகுதியை வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டாகத் திருப்பி எலும்பு படும்படி வைக்கச் சொல்வார், கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கோடான ஃபிரெட்டை ஒட்டி அழுத்தச் சொல்வார். கம்பி பலகையிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் அதை இறக்கித் தரச் சொல்லி ரிப்பேர் செய்பவரிடம் அனுப்புவார். பல நேரம் குறை விரலில் இருக்காது, கிட்டாரில்தான் இருக்கும்.

இரண்டு வாரமும் அந்த நினைப்பே வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இருந்தது என்றால், சரி, முடிந்துவிட்டது. குற்ற உணர்ச்சி வேண்டாம். அடுத்த படிக்குப் போகலாம்.

பழையதில் உண்மையில் பிடித்தது எது?

இதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. எங்கள் மாடியில் குடியிருந்த தம்பி ஒருவர் கேமராவை விற்கப்போவதாகச் சொன்னார். "போட்டோ எடுத்ததுல உனக்கு எதுப்பா பிடிச்சுது?" என்று கேட்டேன். "விடியக்காலைல லால்பாக் போறது பிடிச்சுது ணா. ஏரிக்கரையில அசையாம நிக்கிறது பிடிச்சுது. வீட்டுக்கு வந்து எடிட் பண்ண உக்காந்தாத்தான் வெறுத்துப்போகுது." அவர் நேராகப் பறவை பார்க்கப் போய்விட்டார். விடியற்காலையும் இருந்தது, காத்திருப்பும் இருந்தது, எடிட்டிங் இல்லை.

மீன் தொட்டி வைத்திருந்தவருக்கு மீனைவிடத் தினமும் ஓர் உயிரைப் பேணுவது பிடித்திருக்கலாம். அவருக்கு மாடித்தோட்டம் ஒட்டும். பாட்டு வகுப்புக்குப் போனவருக்கு நாலு பேரோடு சேர்ந்து இருப்பதுதான் பிடித்தது என்றால், வீட்டில் தனியாக வரைவது அவருக்கு ஒட்டாது, நாடகம் ஒட்டும். சைக்கிள்காரர் வேகத்தை விரும்பினாரா, ஊர் சுற்றுவதை விரும்பினாரா என்பதைப் பொறுத்து ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் பாதை பிரியும். உடம்பில் ஏற்கெனவே ஊறிய பழக்கம் ஒன்றைக் கூட எடுத்துக்கொண்டு போனால், புது இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒப்படைப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பிஜி அறையிலும் வாடகை வீட்டிலும் இடம் குறைவு. பழைய சாமான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனதையும் அரிக்கும்.

உயிர் உள்ளவற்றுக்கு முதலிடம். மீன் வளர்த்து அலுத்தவர்கள் "பாவம், பெரிய தண்ணியில சுதந்திரமா இருக்கட்டும்" என்று அல்சூர் ஏரியிலோ பக்கத்து ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். டேங்க் கிளீனர் என்று கடையில் விற்கும் சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. ஏரிக்குள் போனால் கரையைக் குடைந்து முட்டையிடும், நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் தோல் கவசம் மாதிரி இருப்பதால் அதைத் தின்னவும் ஆள் குறைவு. சின்னதாக, பச்சையாக, காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமைக்குட்டியும் அப்படித்தான். அது பெரிதாக வளர்ந்து பல பத்தாண்டுகள் உயிர்வாழும், ஏரியில் விட்டால் உள்ளூர் ஆமைகளுக்கு இடைஞ்சல்.

மீனை இன்னொரு வளர்ப்பவரிடம் கொடுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாலே யாராவது கிடைப்பார்கள். வாங்கிய கடைக்காரரிடமும் கேட்கலாம், காசு தராவிட்டாலும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். கொண்டுபோவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், பைக்குள் தண்ணீர் அழுக்காகாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. தொட்டியைத் தண்ணீரோடும் கல்லோடும் தூக்கவே கூடாது, கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரின் குளோரின் பட்டால் அது செத்துப்போகும். வாங்கிக்கொள்பவர் புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா வளர வாரக்கணக்கில் காத்திருக்காமல் மீனை விடலாம். அவருக்கு நீங்கள் தரும் பெரிய பரிசு அதுதான்.

பச்சைக்கிளி, முனியா, நட்சத்திர ஆமை இவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த ஹாபியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள். கிளியைப் பார்க்க ஆசையென்றால் கப்பன் பூங்காவில் மரத்துக்கு மரம் கத்திக்கொண்டிருக்கிறது.

உயிரில்லாத சாமான்களைக் கொடுக்கும்வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். கிட்டார் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டாம், ஓரிரண்டு சுருதி இறக்கினால் போதும். கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை ஈரத்தில் அலமாரிக்குள்ளேயே லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடாகத் தெரியும். வந்துவிட்டால் பாதி விலைக்குக்கூடப் போகாது.

விற்பதென்றால் முதலில் அந்த ஹாபிக்காரர்களிடமே கேளுங்கள். முகம் தெரியாதவருக்கு விற்கும் நிலை வந்தால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: யூபிஐ-யில் பணம் பெறுவதற்குக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. "அட்வான்ஸ் அனுப்பறேன், இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் அத்தோடு போனை வைத்துவிடுங்கள்.

விற்காமல் கொடுக்கவும் செய்யலாம். காவலாளியின் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டால் அது தினமும் ஓடும். பழைய புத்தகங்களைச் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.

கடைசியாக, பழைய கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "கொஞ்ச நாள் வரமாட்டேன், வேற ஒண்ணு பாக்கறேன்" என்று ஒரு வரி போதும். பதில் போடாமல் குழுவில் இருந்து நழுவுவதைவிட அது எவ்வளவோ மேல். ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் போகத் தோன்றினால் அந்தக் கதவு திறந்திருக்கும்.

வாங்காமல் பார்ப்பது

இப்போது புதியது. முதல் மூன்று மாதம் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அது சாத்தியம்.

பறவை, செடி, மரம் என்றால் லால்பாக். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். பச்சை வழித்தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. காலையில் ஏரிப்பக்கம் பைனாகுலரோடு நிற்கிறவர்களிடம் போய்ச் சும்மா நின்றாலே போதும், அவர்களே காட்டுவார்கள். கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி இவையெல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும். ஆனால் அது சொல்வதைப் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள். ஊருக்கு வெளியே உள்ள ஏரிகளுக்கு இருட்டோடு போவதென்றால் தனியாக வேண்டாம், கூட்டத்தோடு போங்கள்.

வாசிப்பில் இறங்க நினைத்தால் சனிக்கிழமை காலையில் கப்பன் பூங்காவுக்குப் பாயும் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகலாம். கப்பன் ரீட்ஸ் என்று புல்வெளியில் அவரவர் புத்தகத்தை அவரவர் அமைதியாகப் படிக்கும் கூட்டம் கூடும், யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டியுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போங்கள். வேலைக்கு வந்து தனியாக இருப்பவர்களுக்கு அங்கே பேச்சுத்துணையும் கிடைக்கும்.

நாடகத்துக்கு ஜே.பி. நகரில் ரங்கசங்கரா, 2004-இல் திறக்கப்பட்ட அரங்கம். மேடையேறும் ஆசை இருந்தாலும் முதலில் பார்வையாளராக நாலைந்து நாடகம் பாருங்கள். மொழி புரியாத நாடகத்தில்தான் உடல் எப்படி நடிக்கிறது என்று கவனிப்போம். ஒன்று, நாடகம் தொடங்கிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பெங்களூர் டிராஃபிக்கைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

ஓவியம் என்றால் குமாரகிருபா சாலையில் உள்ள சித்திரகலா பரிஷத். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை முழுக்க ஓவியர்கள் கடைபோடும் சித்திரச் சந்தை நடக்கும். கூட்டம் குறைவான காலை நேரத்தில் போனால் எந்தத் தாள், எந்த வண்ணம், எவ்வளவு நேரம் பிடித்தது என்றெல்லாம் நின்று பேசலாம். தாள் வாங்கும் முன் இந்தப் பேச்சு நடந்தால், தேவையில்லாத வண்ணப்பெட்டிகள் வீட்டுக்கு வராது.

எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எஸ்.பி. ரோடு, சிக்பேட் மெட்ரோவிலிருந்து நடக்கலாம். வாங்காமல் சுற்றுவதற்கு இது மட்டும் கஷ்டமான இடம், கையில் பட்டியல் இல்லாமல் போனால் பை நிறையும். எஷ்டு என்று கன்னடத்தில் விலை கேட்டுத் தொடங்குங்கள், கடைக்காரர் முகம் மலரும். பலர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும்.

சைக்கிளில் போகிறவர்கள் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நந்தி மலைக்குப் போவார்கள், உயரம் 1,478 மீட்டர். உங்கள் ஆசை எப்படியிருந்தாலும் முதல் மாதமே அது வேண்டாம். மலையேற்றத்துக்கு வேறொரு விஷயம்: கர்நாடக வனத்துறைப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், பாதை தொடங்கும் இடத்துக்குப் போய் வாதாடிப் பயனில்லை.

மூன்று மாதத்தில் ஒரு முறைகூட "அடுத்த வாரம் எப்போ?" என்று நீங்களாகக் கேட்கவில்லை என்றால் அது உங்களுக்கானதல்ல. பைசா செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள், வேறொன்றைப் பாருங்கள்.

எந்த மாதம் எதைத் தொடங்குவது

நல்ல ஆர்வத்தைத் தவறான மாதத்தில் தொடங்கிக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. வானம் பார்க்கிறேன் என்று ஜூலையில் டெலஸ்கோப் வாங்கினால் செப்டம்பர் தாண்டியும் மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் இங்கே தெளிந்த வானம். பறவைக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை: வடக்கிலிருந்து மாங்குயிலும் வாலாட்டியும் வந்து சேரும் காலம். சைக்கிளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. மாடித்தோட்டத்தில் கேரட், பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாம் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விதைத்தால் இந்த ஊர் உயரத்துக்கு நன்றாகவே வரும். கர்நாடக இசை கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ராமநவமிக் காலம், சாம்ராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானப் பந்தலில் இரவுக்கு இரவு கச்சேரி.

முதல் செலவு

பறவைக்காரர்களையே எடுத்துக்கொள்கிறேன், முதல் செலவில் அதிகம் தடுமாறுவது அவர்கள்தான். பைனாகுலரில் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மடங்கு ஏற ஏறக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பறவை தெரியும் வட்டமும் சுருங்கும். 8×42 என்று பொறித்ததை எடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர் வரும், கண்ணுக்குள் விழும் ஒளிவட்டம் அவ்வளவு அகலம். விடியற்காலை மங்கலில் மரத்தடியில் பார்க்க அது போதும்.

கடைக்குள் பார்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். நடு மடிப்பை அசைத்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை சேருங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலது குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்துவிட்டால் அந்த வளையத்தை இனித் தொட வேண்டியதில்லை. பலர் இதைச் செய்யாமலேயே "தலை வலிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டுப் பாருங்கள், ஓரம் இருட்டடித்தால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். பழையது வாங்கினால் பின்புறமிருந்து வெளிச்சம் படவைத்து, கண்ணாடிக்குள் பூஞ்சைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையே இரவில் மொட்டைமாடிக்கும் எடுத்துப்போகலாம். சுவரில் முழங்கையை ஊன்றி ஆடாமல் பிடித்தால் நிலவின் பள்ளங்கள் தெரியும், கார்த்திகை மீன் கூட்டத்தில் ஆறுக்கு மேல் எண்ணலாம், வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலவுகள் புள்ளி புள்ளியாக வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அதில் மனம் போய்விட்டால், உள்ளூரில் ஜவகர்லால் நேரு கோளரங்கம் இருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வேணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் நம் கோரமங்கலாவில்தான் இருக்கிறது. பறவையிலிருந்து வானத்துக்குப் போகிறவர்கள் முதல் படியிலிருந்து திரும்பவும் வரலாம், பைனாகுலரை மட்டும் விற்றுவிடாதீர்கள். அங்கேயும் முதல் கருவி அதுதான்.